முதுகு வைக்காத பதினோரு ஜாக்கெட்டு

எங்க தோட்டத்துல பொம்பளைங்க ரொம்ப விழுவாங்க. நம்பிக்கை இல்லன்னா எங்கப்பாவோட ஆஸ்பத்திரி நோட்ட வந்து பாருங்க. அப்பா தோட்டத்து டிரசரு, காயத்துக்கு மருந்து வச்சிக் கட்டுறது அவரு வேலை. முத்து முத்தா எழுதுவாரு. "படியில் விழுந்தது." "மரத்தில் மோதியது." "குழாயடியில் வழுக்கியது." பக்கத்துக்குப் பக்கம் பொம்பளைங்கதான் விழுந்திருப்பாங்க. மரவள்ளிச் சாராயத்தக் குடிச்சிட்டு ஆடிக்கிட்டே லயத்து வீட்டுக்கு வர்ற ஆம்பளைங்க ஒருத்தரு கூட விழுந்ததா அதுல கெடையாது. அப்படி ஒரு உறுதியான காலு அவங்களுக்கு.

நான் சொல்றது ஜப்பான்காரன் வந்து ரெண்டாவது வருஷம். நான் சிங்கப்பூர் காலேஜுல படிச்சிக்கிட்டு இருந்தவ. குண்டு விழுந்துச்சு, காலேஜ மூடிட்டாங்க. வெள்ளக்காரன் ஒடைச்ச பாலத்த ஜப்பான்காரன் ஒட்டுப் போட்டதும், புத்தக மூட்டையத் தூக்கிக்கிட்டு ஜொகூர் பாருவுக்கு நடந்து வந்து, அங்கேருந்து பலகை லாரியில தொத்திக்கிட்டு யோங் பெங் பக்கம் எங்க தோட்டத்துக்கு வந்து சேர்ந்தேன். சும்மா உக்கார விடுவானா. படிச்ச பொண்ணுன்னு தெரிஞ்சதும் ஜொகூர் பாருவுக்கே திருப்பி அனுப்பி மூணு மாசம் ஜப்பான் பாசை சொல்லிக் குடுத்து, தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல வாத்தியாரம்மாவா ஒக்கார வச்சிட்டான். மூணு மாசத்துல என்ன வரும்? "இது புத்தகம். அது மரம். அவர் ஆசிரியர்." இவ்வளவுதான் நம்ம புலமை. இதையே பிள்ளைங்களுக்கு ராகம் போட்டுச் சொல்லிக் குடுத்தேன். நடுவுல கொடிப் பாட்டு ரெண்டு.

கித்தா மரம், அதான் ரப்பரு, பால் வெட்டுறது பாதி நின்னு போச்சு. எல்லாரும் மரவள்ளி நடணும். நடவுக்கு மேல ஆளு மேய்க்க ஒரு மண்டோரு. கையில ரோத்தான், அதான் பெரம்பு. இன்னொரு கையில ஜப்பான்காரன் குடுத்த பட்டை. அந்தப் பட்டையக் கட்டுன நாளுலேருந்து அவரு நடை மாறிப் போச்சு. சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் கேட்டா, யாரு போறதுன்னு அவரு வெரலுதான் காட்டும். அந்த வெரலு நம்ம பக்கம் திரும்பாம இருந்தா போதும்னு ஊரே இருந்துச்சு. அதனால அவரு வீட்டுல என்ன சத்தம் கேட்டாலும் பக்கத்து லயத்துல எல்லாருக்கும் காது அடைச்சிக்கும்.

அவரு பொண்டாட்டிய நான் அக்கான்னுதான் கூப்புடுவேன். வயசு இருவத்தாறு இருக்கும். குழாயடியில அவங்க சிரிச்சா இந்தப் பக்கம் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க சிரிக்கும், என்ன விஷயம்னு தெரியாமலே. வாரத்துக்கு ஒரு வாட்டி ஆஸ்பத்திரிக்கு வருவாங்க. அப்பா முதுகுல ஊதா மருந்து தடவுவாரு, நோட்ட எடுப்பாரு, "எங்கம்மா விழுந்த?"ன்னு கேப்பாரு. பதிலுக்கு நிக்காமலே எழுதிடுவாரு.

ஒரு நாள் அக்கா விழுறத நிறுத்தணும்னு முடிவு பண்ணிட்டாங்க. ஆயாக்கொட்டாய் தெரியும்ல, வேலைக்குப் போறவங்க கைப்புள்ளைங்கள விட்டுட்டுப் போற எடம். அதுக்குப் பின்னால சாமான் போடுற அறை ஒண்ணு சும்மா கெடந்துச்சு. அந்த அறையத் தனக்குக் குடுத்தா, அங்கயே இருந்துக்கிட்டு நடவுக்கும் போறேன், பிள்ளைங்களையும் பாத்துக்கறேன்னு கேட்டாங்க. அவ்வளவுதான் கேட்டது. ஒரு அறை, உள்பக்கம் ஒரு தாப்பா.

அதுக்குப் பஞ்சாயத்து. கோயில் முன்னால பெஞ்சு போட்டு மூணு பெரிய மனுஷங்க. கோயில் தலைவரு நடுவுல. ஆபீசு கணக்கு எழுதுற பெரிய கிராணியாரு ஒரு பக்கம், வெள்ளக்கார தொரை இருந்தப்ப அவருக்கு ஜால்ரா, இப்ப ஜப்பான்காரனுக்கு. இன்னொரு பக்கம் எங்க ஆளு, வேதக்காரக் குடும்பம் ஆறுக்கும் ஜெபம் வைக்கிற உபதேசியாரு. எங்கப்பா ஓரமா நோட்டோட நின்னாரு. நான் பொம்பளைங்களோட பின்னால.

"அடிச்சாருன்னு சொல்ற. பாத்தது யாரு?"ன்னாரு தலைவரு.

"நான்தாங்க. அப்பறம் என் முதுகு."

சபையில சிரிச்சாங்க. கிராணியாரு, "முதுகு வந்து சாட்சி சொல்லுமா?"ன்னு கேட்டாரு. இன்னும் கொஞ்சம் சிரிப்பு.

"சொல்லுங்க. காட்டுனா சொல்லும்."

தலைவரு காதப் பொத்திக்கிட்டாரு. கண்ணுக்குத்தான் ஆபத்து, இவரு காதப் பொத்துறாரு. "சிவ சிவா. சபையில பொம்பளை முதுகக் காட்டுறதா?"

"அப்ப நீங்க எப்படிங்க நம்புவீங்க?"

"டிரசரு நோட்டுல எழுதியிருப்பாருல்ல. படிங்க டிரசரய்யா."

அப்பா கண்ணாடியத் தொடைச்சாரு. ரொம்ப நேரம் தொடைச்சாரு. அப்பறம் படிச்சாரு. "படியில் விழுந்தது. படியில் விழுந்தது. மரத்தில் மோதியது. படியில் விழுந்தது."

"எங்க லயத்துல படியே கெடையாதுங்களே"ன்னாங்க அக்கா.

யாரும் அதக் காதுல வாங்கல. மண்டோரு எழுந்து நின்னு கையக் கட்டிக்கிட்டு, "எனக்கு இவ மேல ஒரு கோவமும் இல்லீங்க. வீட்டுக்கு வந்துட்டா போதும்"னாரு. பெரிய மனசுப்பா, பெரிய மனசுன்னு நாலு பேரு மெச்சுனாங்க. உபதேசியாரு கண்ண மூடி மன்னிப்பப் பத்தி நாலு வார்த்தை சொன்னாரு. தீர்ப்பு முடிஞ்சது. ஆதாரம் இருந்தா அறை, இல்லன்னா வீடு. ஆதாரம் முதுகுல இருக்கு, முதுகப் பாக்கக் கூடாது. இத யோசிச்சுக் கண்டுபிடிக்க மூணு பேரு.

மறுநாள் குழாயடிக்கு நான் போனேன். படிச்ச திமிரு, சும்மா இருக்குமா. "அக்கா, நான் ஒரு மனு டைப் அடிச்சித் தரேன். இங்கிலீஷுல. நல்லா சூடா."

"யாருக்குத் தங்கச்சி மனு?" துணி அலசிக்கிட்டே கேட்டாங்க. "தொரை சாங்கி ஜெயில்ல கஞ்சி குடிச்சிக்கிட்டு இருக்காரு. தபால்ல போட்டா அவரும் ரெண்டு வரி எழுதுவாரு, என்னையும் அடிக்கிறானுங்கன்னு."

குழாயடி முழுக்க சிரிச்சுது. நம்ம காலேஜுப் படிப்பு அன்னிக்கு வாளித் தண்ணியோட சாக்கடையில போச்சு. அக்கா துணியப் பிழிஞ்சி ஒதறிட்டு, சிரிக்காம சொன்னாங்க. "சபையில காட்டக் கூடாதுன்னாங்க. பெரட்டு சபையில்லையே."

பெரட்டுன்னா வேலைக்குப் போறதுக்கு முன்ன ஆளுங்கள வரிசையா நிறுத்திப் பேரு கூப்புடுறது. ஜப்பான்காரன் வந்தப்பறம் மாசத்துக்கு ஒரு வாட்டி பெரிய பெரட்டு. யோங் பெங்லேருந்து அதிகாரி வருவான். வெயிலு நல்லா ஏறுனப்பறம், கொடிக் கம்பத்துக்கு முன்னால, தோக்கியோ இருக்கிற தெசையப் பாத்து எல்லாரும் இடுப்பு வரைக்கும் குனியணும். அதிகாரி எல்லாருக்கும் முன்னால நின்னு மொதல்ல குனிவான். அவனுக்குப் பின்னால பொம்பளைங்க, அதுக்கும் பின்னால ஆம்பளைங்க. இது மண்டோரு போட்ட வரிசைதான். பின்னால நிக்க விட்டா பொம்பளைங்க சரியாக் குனியாம ஏமாத்துறாங்களாம், கண்டுபிடிச்சிட்டாரு.

அந்த மாசப் பெரட்டுக்குப் பதினோரு பொம்பளைங்க ஜாக்கெட்டு போடாம வந்தாங்க. சேலைய மார்ல குறுக்க இழுத்துக் கட்டி, முந்தானைய இடுப்புல சொருகிட்டாங்க. தோளும் முதுகும் வெட்டவெளி. நான் பிள்ளைங்கள நிக்க வச்சிக்கிட்டு ஓரமா நின்னேன். அதிகாரி குனிஞ்சான். பதினோரு பேரும் குனிஞ்சாங்க. பின்னால நின்ன ஆம்பளைங்களுக்குக் குனியுறதே மறந்து போச்சு.

அக்கா முதுகு பழைய தழும்பு மேல புதுத் தழும்பு, கோடு போட்ட நோட்டு மாதிரி. இன்னும் அஞ்சு பேருக்கு அங்கங்க. மத்தவங்களுக்கு ஒண்ணும் கெடையாது, சுத்தமான முதுகு. அவங்க ஏன் வந்தாங்கன்னு அப்பறமா கேட்டேன். உபதேசியாரு சம்சாரமும் அதுல ஒருத்தங்க. அவங்க சொன்னது இது: "எனக்குக் காயம் இருக்கிற எடத்தப் பெரட்டுல காட்ட முடியாது பாப்பா. அதான் காட்ட முடிஞ்சதக் காட்டுனேன்." ஞாயித்துக்கெழமை இவங்க வீட்டுக்காரரு ஜெபத்துக்கு நான் ஆமென் சொல்லணும்.

அதிகாரி நிமுந்து திரும்பினான். அவனுக்குத் தெரிஞ்சது முன்பக்கம் மட்டும்தான். வெறும் தோளு. கிராணியாரக் கூப்பிட்டு என்ன இதுன்னு கேட்டான். கிராணியாரு மூஞ்சி வெளுத்துப் போச்சு. நிஜத்தச் சொன்னா, உன் தோட்டத்துல என்னடா நடக்குதுன்னு அறை இவருக்குத்தான் மொதல்ல விழும். வாய்க்கு வந்த ஜப்பான் பாசையில, "துணி இல்ல, துணி இல்ல, பாவம்"னாரு. அதுவும் பொய்னு சொல்ல முடியாது. அப்ப ஊர்ல துணி எங்க இருந்துச்சு? சாக்கக் கிழிச்சிக் கட்டுனவங்க உண்டு, கித்தா ஷீட்ட இடுப்புல சுத்துனவங்க உண்டு. அதிகாரி தலைய ஆட்டினான்.

எனக்கு அது புரிஞ்சது. பத்தடி தூரத்துலதான் நின்னேன். வாயத் தொறக்கல. ஏன்னு கேட்டா, பயம் லா, வேற என்ன. பிள்ளைங்களக் கொடிப் பாட்டுப் பாட விட்டேன், நல்லா சத்தமா.

அதிகாரி வண்டி சடக்கு ரோட்டுல தூசியக் கெளப்பிட்டுப் போனதுதான் தாமதம், மானம் போச்சுன்னு ஆரம்பிச்சாங்க. யாரு மானம்? தோட்டத்து மானம், கோயில் மானம், தமிழன் மானம். இந்தியாவுல இருக்கிற தாய அன்னியங்கிட்டேருந்து மீக்கப் போறேன்னு மொதல் நாள்தான் நெஞ்சத் தட்டுன ஆளு ஒருத்தரு, லயத்துல இருக்கிற பொம்பளைங்கள ஊர விட்டே தள்ளி வைக்கணும்னாரு. எளவட்டங்களுக்கு ரொம்ப வேதனை. அந்த வேதனையில அடுத்த நாள் சின்னப் பெரட்டுக்கு ஒருத்தன் கூட லேட்டு இல்ல, எல்லாம் அரை மணி நேரம் முன்னாடியே வந்து பின்வரிசையில எடம் புடிச்சிட்டானுங்க.

பொம்பளைங்களும் சளைக்கல. "எங்க வீட்டுலயுந்தான் அடிக்கிறாரு, நாங்க என்ன ஊருக்குக் காட்டிக்கிட்டா திரியறோம்?" இத ஒரு பெருமையா சொன்னவங்கள எண்ண எனக்கு வெரலு பத்தல. எங்கம்மா ஒரே வார்த்தையில முடிச்சாங்க. "கல்யாணம் ஆகாத பொண்ணு, நீ அந்தப் பக்கம் போவாத."

நான் கோயில் தலைவருகிட்ட போனேன். மரியாதையாத்தான் கேட்டேன். "ஐயா, அக்கா முதுகுல எத்தனை தழும்பு இருந்துச்சுங்க?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் கண்ண மூடிக்கிட்டேன்."

"எப்ப மூடுனீங்க?"

"பாத்த ஒடனே."

"பாத்தப்ப என்னங்க தெரிஞ்சது?"

"ஜாக்கெட்டு இல்லன்னு தெரிஞ்சது. டிரசரு மவளாச்சேன்னு பாக்கறேன், போ."

இவரோட அம்மா கப்பல்ல வந்த காலத்துலேருந்து சாவுற வரைக்கும் ஜாக்கெட்டே போட்டதில்ல. கோயில்ல அவங்க படம் மாலை போட்டு மாட்டியிருக்கு, வெறுந்தோளோட. இவரு தெனம் அதுக்குச் சூடம் காட்டுறாரு. நான் அதச் சொல்லல. சொல்லியிருக்கணும். ஊர் முழுக்க அன்னிக்கு எரநூறு வாயி பேசுச்சு, தழும்புங்கிற வார்த்தை ஒரு வாயிலயும் வரல. அன்னிக்குச் சாயங்காலம் அக்கா மறுபடியும் "விழுந்தாங்க". இந்த வாட்டி நல்லா விழுந்திருந்தாங்க. அப்பா நோட்டத் தொறந்து வச்சிட்டு, எழுதாம பேனாவ மூடிட்டாரு. எழுதாம விட்டதையும் நான் ஒண்ணும் பெருசா நெனைக்கல.

ஒரு வாரத்துல லாரி வந்துச்சு. துணி. யோங் பெங் பக்கம் வெள்ளக்காரனுங்க கிளப்பு ஒண்ணு இருந்துச்சு, அதோட ஜன்னல்ல தொங்குன பச்சைத் திரைச்சீலை. மஞ்சப் பூப் போட்டது. ஜப்பான் பேரரசோட அன்பளிப்பு. அடுத்த பெரிய பெரட்டுக்கு எல்லாரும் ஜாக்கெட்டு போட்டு வரணும், படம் புடிக்க ஆளு வரும்னு உத்தரவு. துணிய யாரு கையால குடுக்குறது? மண்டோரு கையால. சிரிக்காதீங்க. மேசை போட்டு, பட்டையக் கட்டிக்கிட்டு, ஒரு சின்னப் பிரசங்கம் வச்சி, பதினோரு பேருக்கும் கிழிச்சிக் குடுத்தாரு. தன் பொண்டாட்டி வந்தப்ப, "இந்தா, மூடிக்க"ன்னாரு. கிராணியாரு கை தட்டுனாரு. எல்லாம் சுபமா முடிஞ்சதுன்னு தலைவரு கோயில்ல பொங்கல் வைக்கச் சொன்னாரு. அரிசி இல்ல, மரவள்ளியில வச்சாங்க.

தோட்டத்துல தையல் மிஷினு எங்க வீட்டுல மட்டும்தான். கையால சுத்துறது. பதினோரு பேரும் துணியோட எங்க வாசல்ல வந்து நின்னாங்க. அக்கா அம்மாகிட்ட சொன்னாங்க, "முன்னுக்கு நல்லா மூடித் தைங்கம்மா. கையி முட்டி வரைக்கும். முதுகு மட்டும் வேணாம்."

"முதுகு வேணாம்னா?"

"முதுகுக்குத் துணி வைக்காதீங்க."

அம்மா செபமாலையத் தொட்டுக்கிட்டு உள்ள போயிட்டாங்க. நான் மிஷின் முன்னால உக்காந்தேன். பெரட்டுல வாயத் தொறக்காதவ, கையவாவது அசைக்கலாம்னுதான். கத்திரிய எடுத்து மொதல் துணிய வெட்டுனேன். எனக்குத் தையல் வராது. காலேஜுல ஷேக்ஸ்பியர் வச்சாங்க, தையல் வைக்கல. பாதி சுத்தறதுக்குள்ள நூல் அறுந்து, கையி ஒரு பக்கம் கழுத்து ஒரு பக்கம் போயி நின்னுச்சு. அம்மா கதவுகிட்ட நின்னு அஞ்சு நிமிஷம் பாத்தாங்க. அதுக்கு மேல அவங்களால முடியல.

"இதென்ன தையலா? எருமைக்குக் கூட இப்படித் தைக்க மாட்டாங்க. எந்திரி."

"முதுகு இல்லாமதாம்மா தைக்கணும்."

"தெரியுது. முதுகு இல்லன்னா தோள்லேருந்து நழுவும்டி, மண்டு. பின்னால கழுத்துல ஒரு நாடா, இடுப்புல ஒரு நாடா. அப்பத்தான் நிக்கும். நூலக் கோத்துக் குடு."

ரெண்டு நாளுல பதினொண்ணையும் தச்சி முடிச்சாங்க. முன்னாலேருந்து பாத்தா மிஷினரி பள்ளிக்கூடத்து டீச்சருங்க மாதிரி இருக்கும். வெட்டி எடுத்த முதுகுத் துணி பதினோரு துண்டு மிச்சம் கெடந்துச்சு. அப்பா வந்து பாத்தாரு. ஆஸ்பத்திரியில கட்டுத்துணி தீந்து போயி மூணு மாசம். எல்லாத்தையும் வாரிக்கிட்டுப் போயி சட்டியில போட்டு வேக வச்சாரு.

பெரிய பெரட்டு வந்துச்சு. அதிகாரியோட யோங் பெங்லேருந்து படம் புடிக்கிற சீனரும் வந்தாரு, முக்காலிப் பொட்டியத் தூக்கிக்கிட்டு. அதிகாரிக்கு ஒரே சந்தோஷம். பச்சை ஜாக்கெட்டு பதினொண்ணு முன்வரிசையில பளபளன்னு நிக்குது. கிராணியாரு தானே தச்ச மாதிரி நின்னாரு. படம் எப்படி வரணும்னு அதிகாரி சீனருக்குச் சொல்லிக் குடுத்தான். முன்னால கொடி தெரியணும், எல்லாரும் கொடியப் பாத்துக் குனிஞ்சிக்கிட்டு இருக்கணும். அப்படின்னா பின்னாலேருந்துதான் புடிக்கணும். ஆம்பளைங்கள ரெண்டு பக்கமும் ஒதுக்கிட்டு, சீனரு முக்காலிய நடுவுல நட்டாரு. அதிகாரியும் படத்தப் பாக்க அவருகிட்டயே போயி நின்னுக்கிட்டான்.

குனிங்கன்னு உத்தரவு வந்துச்சு. பதினோரு பேரும் முந்தானைய இடுப்புல சொருகிக் குனிஞ்சாங்க.

சீனரு கறுப்புத் துணிக்குள்ள தலைய விட்டாரு. வெளிய எடுத்தாரு. திரும்ப உள்ள விட்டுப் பாத்தாரு. அப்பறம் தலைய எடுத்து, "அலமாக்"ன்னாரு, மலாய்ல ஐயோன்னு, மெதுவா.

அதிகாரி நடந்து போயி ஒவ்வொரு முதுகாப் பாத்தான். அக்காகிட்ட நின்னுட்டான். போன வாரத்துத் தழும்பு இன்னும் செவப்பா இருந்துச்சு. கிராணியாரு ஓடி வந்து, இது எங்க நாட்டுப் பழக்கம், வெயில் காலத்து ஜாக்கெட்டுன்னு என்னமோ ஒளற ஆரம்பிச்சாரு. அக்கா குனிஞ்ச வாக்குலயே தலையத் திருப்பி என்னைப் பாத்தாங்க. கூப்புடல. பாத்தாங்க, அவ்வளவுதான்.

பிள்ளைங்கள ஓரமா விட்டுட்டு நடந்தேன். நடுவுல போயி நின்னேன். தெரிஞ்ச ஜப்பான் பாசையெல்லாம் சேத்தா ஒரு ஒண்ணாங்கிளாஸ் புத்தகம். அத வச்சிக்கிட்டு என்ன மனு குடுக்கறது? பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கிற மாதிரியே, வெரலு நீட்டி, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். "இது முதுகு. அது பெரம்பு. அவர் மண்டோர்."

ஓரத்துல நின்ன பிள்ளைங்க, பழக்க தோஷம், ராகம் போட்டுத் திருப்பிச் சொல்லுச்சுங்க. இது முதுகு. அது பெரம்பு. அவர் மண்டோர். ஜப்பான் பாசையில, நாப்பது பிள்ளைங்க, ஒரே குரலு.

அதிகாரி மொதல்ல கிராணியார அறைஞ்சான், பொய்க்கு. அப்பறம் மண்டோரக் கூப்பிட்டு ரெண்டு. ஏதோ நியாயம் பொறந்துச்சுன்னு நெனைச்சிக்காதீங்க. அவன் சொன்னத நான் கேட்டேன், பாதியாவது புரிஞ்சது. மரவள்ளி பட்டாளத்துக்கு, மரவள்ளி நடுற முதுகும் பட்டாளத்துக்கு. பட்டாளத்துச் சொத்த ஒடைக்க நீ யாருன்னு கேட்டான். மாட்டுக்காரன் மாட்ட அடிச்சவன் கிட்ட கேப்பானே, அந்தக் கேள்வி. மண்டோரு பட்டைய அவுக்கல, வேலையிலேருந்தும் எடுக்கல. இவ இனிமே எங்க படுப்பான்னு அக்காவக் காட்டி என்னைக் கேட்டான். "அது வீடு"ன்னு ஆயாக்கொட்டாயக் கை காட்டுனேன். சரின்னுட்டான். மூணு பெரிய மனுஷங்க பெஞ்சு போட்டுக் குடுக்காத அறைய அவன் நின்ன எடத்துல குடுத்துட்டுப் போனான். அவனுக்கு நன்றி சொல்ல வேண்டியதா போச்சேங்கிற எரிச்சல் எனக்கு இன்னும் இருக்கு.

படம் புடிக்கல. சீனரு பொட்டிய மூடுறப்ப அக்காவப் பாத்து லேசாத் தலையக் குனிஞ்சாரு. அன்னிக்கு ஒழுங்காக் குனிஞ்ச ஆம்பளை அவரு ஒருத்தருதான்.

அப்பறம் பாக்கணுமே எங்க ஊரு எரக்கத்த. மண்டோரு கன்னத்துல விழுந்தது ரெண்டு அறை. ரெண்டே ரெண்டு. மண்டோரு வீட்டுக்கு மஞ்சப் பத்து என்ன, எங்கேருந்தோ ஒளிச்சி வச்ச கோழி முட்டை என்ன, கஞ்சி என்ன. "ஆம்பளைய நாலு பேரு முன்னால கை நீட்டலாமா, வலிக்காதா"ன்னு தலைவரு கண்ணு கலங்கிட்டாரு. இவரு அன்னிக்குக் கண்ண மூடிக்கல, கவனிங்க. கன்னத்துல எத்தனை வெரலு பதிஞ்சிருந்துச்சுன்னு கேட்டா சரியா நாலுன்னு சொல்லுவாரு. அக்கா மண்டோருகிட்ட போயி மன்னிப்புக் கேக்கணும்னு ஒரு பேச்சும் ஓடுச்சு. என் பிள்ளைங்களக் கெடுத்துட்டேன்னு எனக்கும் ஒரு பங்கு கெடைச்சுது.

மண்டோரு ஆஸ்பத்திரிக்கு வந்தாரு, கன்னத்தப் புடிச்சிக்கிட்டு. அப்பா மருந்து தடவிட்டு நோட்ட எடுத்து, "ஜப்பான் அதிகாரி அறைந்தது"ன்னு எழுத ஆரம்பிச்சாரு. நான் பக்கத்துல பஞ்சு உருட்டிக்கிட்டு இருந்தேன்.

"அப்பா, படியில விழுந்தாருன்னு எழுதுங்க."

மண்டோரு என்னை மொறைச்சாரு. அப்பா நிமுந்து பாக்கல. "வாய மூடிட்டு உள்ள போ"ன்னாரு. போனேன். மூணு நாள் என்கிட்டப் பேசல. நாலாவது நாள் ஒருத்தங்க புருவம் கிழிஞ்சி வந்தாங்க. நான் உள் அறையிலேருந்து கேட்டுக்கிட்டு இருந்தேன். எப்பவும் கேக்கிற "எங்கம்மா விழுந்த?" வரல. நோட்டப் பொரட்டுற சத்தம் கேட்டுச்சு. அப்பறம் அப்பா கேட்டாரு, "யாரும்மா?"

அக்கா அந்த அறையிலதான் இருந்தாங்க. தாப்பா கெடையாது, ஒரு மரக்கட்டைய முட்டுக் குடுத்துக்கிட்டாங்க. மண்டோரு தனியா கஞ்சி காய்ச்சிக் குடிக்கிறாரு பாவம், போயிடேன்னு வாரா வாரம் ஒருத்தரு தூது வருவாங்க. "கஞ்சி காய்ச்சத் தெரிஞ்சுக்கிட்டாரா, நல்லது"ன்னு சொல்லி அனுப்பிடுவாங்க. அந்த அதிகாரிய வேற எங்கயோ மாத்திட்டாங்க. இனிமே என்ன ஆகுமோன்னு எனக்குத்தான் கவலை. கட்டைய எடுக்கல அவங்க.

ரெண்டு மூணு மாசம் போயிருக்கும். ஒரு மத்தியானம் அந்தப் பச்சை ஜாக்கெட்ட மடிச்சி எடுத்துக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்தாங்க.

"தங்கச்சி, இதுக்கு முதுகு வச்சித் தரச் சொல்லு."

எனக்கு ஏமாத்தமா போச்சு. "ஏன்க்கா, பயந்துட்டீங்களா?"

"பயமா?" குழாயடிச் சிரிப்பு, ரொம்ப நாள் கழிச்சி. "மரவள்ளிக் கொல்லையில குனிஞ்சா வெயிலு பொசுக்குதுடி. பத்தாததுக்குக் கொசு. காட்டுறதுக்கு இனிமே அதுல என்ன இருக்கு?"

திரும்பி உக்காந்து சேலைய வெலக்கிக் காட்டுனாங்க. தழும்பெல்லாம் வெளுத்துப் போயி இருந்துச்சு. புதுசு ஒண்ணு கூட இல்ல.

வைக்கத் துணி வேணுமே. ஆஸ்பத்திரியில போயி தேடுனேன். கட்டுத்துணியாப் போன துண்டுங்கள்ல ஒண்ணுதான் முழுசா மிச்சம், பல வாட்டி வேக வச்சதுல பச்சை வெளுத்து, நடுவுல உள்ளங்கை அகலத்துக்கு ஊதா மருந்துக் கறை. அம்மா அத வெளிச்சத்துல புடிச்சிப் பாத்து மூஞ்சியச் சுளிச்சாங்க.

"கறை நட்ட நடு முதுகுல வருதே. உள்பக்கம் திருப்பி வச்சாலும் தெரியும். வேணும்னா மேல ஒரு பூ தச்சி மறைச்சித் தரவா?"

"இருக்கட்டும்மா"ன்னாங்க அக்கா. "எனக்கா தெரியப் போவுது. பின்னால நிக்கிறவங்க பாத்துக்கட்டும்."